ஒரு ரூபாய் என்ஜின்

மட்டாஞ்சேரிக்கு ரயில் உண்டா என்று ஊரிலிருந்து வருகிறவர்கள் கேட்பார்கள். உண்டு என்றும் சொல்லலாம், இல்லை என்றும் சொல்லலாம். ரயில்வே பட்டியலில் 'மட்டாஞ்சேரி ஹால்ட்' என்று ஒரு நிறுத்தம் இருக்கிறது. ஆனால் அது மட்டாஞ்சேரியில் இல்லை. காயலுக்கு அந்தப் பக்கம், வில்லிங்டன் தீவில் இருக்கிறது. எர்ணாகுளம் ஜங்ஷனிலிருந்து கொச்சித் துறைமுக முனையத்துக்குப் போகும் சின்னக் கிளைப்பாதை அது. 2000-களில் அங்கே பயணிகள் ரயில் நின்றுபோனது. 2018 செப்டம்பரில் ஒரு டெமு வண்டியை விட்டுப் பார்த்தார்கள். ஏறுவதற்கு ஆள் சேரவில்லை, அதுவும் நின்றது.

அதே பாதையில் 2019 பிப்ரவரியில் சுற்றுலாப் பயணிகளுக்காக ஒரு ரயில் ஓடியது. அதை இழுத்தது டீசலும் இல்லை, மின்சாரமும் இல்லை. 1855-ல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரத்தில் செய்யப்பட்ட ஒரு நீராவி என்ஜின். எண் 21. பெயர் எக்ஸ்பிரஸ். அதற்கு அப்போது வயது 164.

இந்தப் பதிவு அந்த என்ஜினையும், அதோடு பிறந்த 22-ம் எண் என்ஜினையும் பற்றியது. 22-ஐ நிறையப் பேருக்குத் தெரிந்திருக்கும்: ஃபேரி குவீன். கூடவே, இந்த மாதிரி என்ஜின்களைச் சிறிய அளவில் செய்து பார்ப்பதைப் பற்றியும் கொஞ்சம் எழுத ஆசை. நான் என்ஜினியர் இல்லை. பி.காம். முடித்து வங்கிக்குள் நுழைந்த ஆள். அதனால் பாதிக் கதையை பாய்லர் பக்கமிருந்தும் மீதிக் கதையை பேலன்ஸ் ஷீட் பக்கமிருந்தும் சொல்லப் போகிறேன். கொஞ்சம் நீளம்தான், ஒரு காபியோடு உட்காருங்கள்.

பாதை வந்த கதை

முதலில் எங்கள் ஊர்த் தண்டவாளத்தைப் பார்த்துவிடுவோம். கொச்சி ராஜ்யத்துக்கு ரயில் வந்தது 1902-ல். ஷொறணூரிலிருந்து எர்ணாகுளம் வரை மீட்டர் கேஜ் பாதை. செலவு சமஸ்தானத்தினுடையது. அப்போதைய மகாராஜா ராம வர்மா, திருப்பூணித்துறை பூர்ணத்ரயீசர் கோயில் யானைகளின் 15 தங்க நெற்றிப்பட்டங்களில் 14-ஐ விற்றுப் பணம் புரட்டினார் என்று இங்கே சின்னப் பிள்ளை கூடச் சொல்லும். நகைக்கடன் வாங்கவில்லை, நேரடியாக விற்பனை! 1930-களில் அந்தப் பாதை அகலப்பாதையானது.

அடுத்து துறைமுகம். 1920-ல் கொச்சிக்கு வந்த ராபர்ட் பிரிஸ்டோ என்ற ஆங்கிலேயப் பொறியாளர், முகத்துவாரத்தை அடைத்துக்கொண்டிருந்த மணல் திட்டை வெட்டித் திறந்தார். 1928 மே 26 அன்று பத்மா என்ற கப்பல் புதிய வழியாக உள்ளே வந்தது. அள்ளிய மண்ணைக் கொட்டி உருவாக்கிய தீவுதான் வில்லிங்டன் தீவு. அந்தத் தீவுக்கு வெண்டுருத்தி வழியாகப் பாலம் போட்டு ரயிலைக் கொண்டுவந்தார்கள். தேயிலை, மிளகு, முந்திரி எல்லாம் வண்டியிலிருந்து கப்பலுக்கு மாறிய இடம் இது.

கன்னியாகுமரி – பெங்களூரு ஐலண்ட் எக்ஸ்பிரஸில் நம்மில் பலர் போயிருப்போம். கடலில்லாத பெங்களூருக்குப் போகிற வண்டிக்கு ஏன் தீவின் பெயர் என்று யோசித்ததுண்டா? ஒரு காலத்தில் அது பெங்களூருக்கும் இந்த வில்லிங்டன் தீவுக்கும் இடையே ஓடிய வண்டி. முனையம் மாறிவிட்டது, பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது.

லீட்ஸில் பிறந்த இரட்டையர்

இனி என்ஜின்கள். கிட்சன், தாம்ப்சன் அண்ட் ஹெவிட்சன் என்பது லீட்ஸ் நகரத்து என்ஜின் கம்பெனி. அதன் முந்தைய அவதாரமான டாட், கிட்சன் அண்ட் லேர்ட் 1838-லேயே லிவர்பூல் – மான்செஸ்டர் ரயில்வேக்கு 'லயன்' என்ற என்ஜினைச் செய்து கொடுத்திருந்தது. (லயன் பின்னால் இன்னொரு முறை வரும், நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.)

கல்கத்தாவில் அப்போது ஈஸ்ட் இந்தியன் ரயில்வே புதிதாகப் பிறந்திருந்தது. பிறப்பே கஷ்டமான பிறப்பு. பெட்டிகளைக் கொண்டுவந்த குட்வின் கப்பல் ஹூக்ளி முகத்துவாரத்தில் மூழ்கியது. முதல் என்ஜினை ஏற்றிய கப்பல் வழி தவறி ஆஸ்திரேலியாவுக்குப் போய்த் திரும்பியது. ஒரு வழியாக 1854 ஆகஸ்ட் 15 அன்று ஹவுராவிலிருந்து ஹூக்ளிக்கு முதல் ரயில் ஓடியது. 1855 பிப்ரவரியில் பாதை ராணிகஞ்ச் நிலக்கரிச் சுரங்கம் வரை நீண்டது. அந்த வருடம் வந்து இறங்கியவைதான் 21-ம் 22-ம்.

இவை எடை குறைந்த பயணிகள் என்ஜின்கள். சுமார் 26 டன். சிலிண்டரின் விட்டம் 12 அங்குலம், பிஸ்டன் ஓடும் தூரம் 22 அங்குலம். உச்ச வேகம் மணிக்கு 40 கிலோமீட்டர். பின்னால் டெண்டர் என்று தனியாக ஒரு வண்டி கிடையாது. 3,000 லிட்டர் தண்ணீரை பாய்லருக்குக் கீழே, சட்டங்களுக்கு நடுவே உள்ள தொட்டியில் சுமந்தன. வீட்டுக்கு அடியில் சம்ப் வைப்பது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். கனமான தண்ணீர் கீழே இருப்பதால் வண்டி ஆடாமல் நிற்கும்.

ஏன் ஒரே ஜோடிச் சக்கரம்?

இந்த வகையை 2-2-2 என்று எழுதுவார்கள். முன்னால் இரண்டு சின்னச் சக்கரம், நடுவில் இரண்டு பெரிய சக்கரம், பின்னால் இரண்டு சின்னச் சக்கரம். நீராவியின் வலு போய்ச் சேருவது நடுவில் இருக்கும் ஜோடிக்கு மட்டும். மற்ற நான்கும் வெறும் சுமைதாங்கிகள். ஆங்கிலேயர்கள் இந்தக் குடும்பத்தை 'சிங்கிள்' என்றார்கள். (டீக்கடை சிங்கிள் இல்லை.)

ஏன் இப்படி? பிஸ்டன் முன்னும் பின்னும் அடிக்கிற வேகத்துக்கு அந்தக் காலத்து உலோகத்திலும் எண்ணெயிலும் ஒரு எல்லை இருந்தது. பிஸ்டனை வேகமாக அடிக்க முடியாது என்றால் சக்கரத்தைப் பெரிதாக்கு. ஒரு சுற்றுக்கு அதிக தூரம் கிடைக்கும். 21, 22-ன் நடுச் சக்கரம் 6 அடி விட்டம், சராசரி மனிதனின் தலைக்கு மேல் நிற்கும். ஒரு சுற்றில் சுமார் 5.75 மீட்டர் நகரும். மணிக்கு 40 கிலோமீட்டர் போக நிமிடத்துக்கு 116 சுற்று போதும்.

இரண்டு மூன்று ஜோடிச் சக்கரங்களைத் தண்டு போட்டு இணைத்தால் பிடிமானம் கூடுமே என்று கேட்கலாம். கூடும். ஆனால் அன்றைய இரும்பில் அந்த இணைப்புத் தண்டுகள் வேகத்தில் முறியும் என்ற பயம் இருந்தது. அதனால் சரக்கு வண்டிக்கு இணைத்த சக்கரம், பயணிகள் வண்டிக்கு சிங்கிள் என்பது வழக்கமானது. 1847-ல் லீட்ஸின் இன்னொரு கம்பெனியான ஈ.பி.வில்சன் செய்த 'ஜென்னி லிண்ட்' என்ஜின்களும் 2-2-2 தான். பிரிட்டனின் மிகப் பிரபலமான சிங்கிள் அதற்குப் பிறகு வந்தது: 1870-ல் டான்காஸ்டரில் பேட்ரிக் ஸ்டிர்லிங் செய்த எண் 1. அதன் நடுச் சக்கரம் 8 அடி!

இந்த வடிவத்தின் பலவீனமும் அதே சக்கரத்தில்தான். என்ஜினின் மொத்த எடையில் நடு ஜோடியின் மேல் விழுகிற பங்கு மட்டுமே தண்டவாளத்தைப் பிடிக்கும். மழை பெய்தால், ஏற்றம் வந்தால், சக்கரம் நின்ற இடத்திலேயே சுழலும். பெட்டிகள் கனமாகக் கனமாக சிங்கிள்களின் காலம் முடிந்தது. 1886 வாக்கில் சக்கரத்துக்கு அடியில் நீராவியால் மணலை ஊதும் கருவி வந்ததும், மிட்லண்ட் ரயில்வே மறுபடி சிங்கிள்களைச் செய்து இன்னொரு சுற்று ஓட்டிப் பார்த்தது. ஒரு பிடி மணல் ஒரு வகை என்ஜினுக்கே ஆயுள் கூட்டியது.

உழைத்ததும் ஓய்ந்ததும்

22-ம் எண் ஹவுராவுக்கும் ராணிகஞ்சுக்கும் இடையே மெயில் வண்டிகளை இழுத்தது. 1857-ல் சிப்பாய்க் கலகம் வந்தபோது படைகளை ஏற்றிக்கொண்டு போனது. நம் விடுதலைப் போரை அடக்கப் போன வண்டி என்பதையும் சொல்லாமல் விடக்கூடாது. இரும்புக்குக் கட்சி கிடையாது, ஓட்டுகிறவன் சொன்ன இடத்துக்குப் போகும். ஃபேரி குவீன் என்ற பெயரே 1895-ல்தான் வைத்தார்கள். அதுவரை வெறும் எண். கடைசிக் காலத்தில் பீகாரில் பாதை போடும் வேலைக்கு அனுப்பி, 1909-ல் ஓய்வு கொடுத்தார்கள்.

ஓய்வுக்குப் பின் ஹவுரா ஸ்டேஷன் வாசலில் 34 வருடம் காட்சிப் பொருள். 1943-ல் உத்தரப் பிரதேசத்து சந்தௌசியில் இருந்த ரயில்வே பயிற்சிப் பள்ளிக்குப் போனது. 1977-ல் டெல்லியில் தேசிய ரயில் அருங்காட்சியகம் திறந்தபோது அங்கே இடம் கிடைத்தது. 21-ம் எண் எக்ஸ்பிரஸ், ஜமால்பூர் பணிமனையிலும் ஹவுராவிலுமாக நூறு வருடம் அசையாமல் நின்றது.

ஒரு ரூபாய்க் கணக்கு

இப்போது என் தொழில் புத்திக்கு வருகிறேன். எந்த இயந்திரத்துக்கும் வருடா வருடம் தேய்மானம் எழுதுவோம். உதாரணத்துக்கு இந்த என்ஜின் ஒரு லட்சம் ரூபாய்க்கு வாங்கியது என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்றைய வருமான வரிக் கணக்கில் பொதுவான இயந்திரங்களுக்கு 15 சதவீதம், குறைந்துவரும் மதிப்பு முறை. 1855-ல் தொடங்கினால், 71 வருடத்தில், அதாவது 1926-ல், மதிப்பு ஒரு ரூபாய்க்குக் கீழே போய்விடும். வங்கிகளில் முழுத் தேய்மானம் முடிந்த பழைய சாமானைப் பதிவேட்டிலிருந்து தூக்காமல், ஒரு ரூபாய் என்று காட்டி வைத்திருப்பதுண்டு. பொருள் இருக்கிறது, மதிப்பு இல்லை என்பதற்கான அடையாளம் அந்த ஒரு ரூபாய்.

ஒரு ரூபாய் ஆன சாமானுக்கு அடுத்த நிலை என்ன? ஏலம், பழைய இரும்புக் கடை. கணக்குப்படி அதுதான் சரி. 1853 ஏப்ரல் 16 அன்று போரி பந்தரிலிருந்து தானேவுக்கு நாட்டின் முதல் பயணிகள் ரயிலை இழுத்தவை சாஹிப், சிந்து, சுல்தான் என்ற மூன்று என்ஜின்கள். மூன்றில் ஒன்று கூட இன்று இல்லை. 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோட்டுக்குத் தென்னிந்தியாவின் முதல் ரயில் போனது. ராயபுரம் ஸ்டேஷன் கட்டடம் இன்னும் நிற்கிறது. அதிலிருந்து கிளம்பிய அந்த என்ஜின் நம்மிடம் இல்லை.

பிழைத்தவை எப்படிப் பிழைத்தன என்று பார்த்தால் வேடிக்கையாக இருக்கும். முன்னே சொன்ன லயன், லிவர்பூல் துறைமுகத்தில் தண்ணீர் இறைக்கும் பம்ப்பை ஓட்டும் வேலைக்கு மாட்டிவிட்டதால் பிழைத்தது. 1920-களில் ஆர்வலர்கள் தேடிக் கண்டுபிடித்தார்கள். ஃபேரி குவீன் பார்ப்பதற்கு லட்சணமாக இருந்ததால் ஸ்டேஷன் வாசலில் நின்றது, பிறகு மாணவர்களுக்குப் பாடப் பொருளானது. எந்தப் பதிவேட்டிலும் இந்தக் காரணங்களுக்கு ஒரு கட்டம் கிடையாது. யாரோ ஒருவர், 'இது இருக்கட்டும்' என்று சொல்லியிருக்கிறார். அவ்வளவுதான்.

பெரம்பூர்

ஆனால் நிற்பது வேறு, ஓடுவது வேறு. பீடத்தில் நிற்கிற என்ஜினுக்குப் பெயிண்ட் போதும். ஓடுகிற என்ஜினுக்கு பாய்லர் அழுத்தம் தாங்க வேண்டும், ஆணிக்கு ஆணி இறுக வேண்டும்.

1997-ல் ஃபேரி குவீனை மறுபடி ஓட வைத்தார்கள். 88 வருடத்துக்குப் பின் பாதையில் ஏறி டெல்லி கன்டோன்மென்டிலிருந்து அல்வருக்குப் போனது. 1998-ல், வழக்கமாக ஓடும் நீராவி என்ஜின்களில் உலகிலேயே மிகப் பழையது என்று கின்னஸ் புத்தகம் ஏற்றுக்கொண்டது. ஆனால் ஓட்டம் நின்று கிடந்த காலத்தில் அதன் பாகங்கள் திருடு போயின. 2011-ல் பார்த்தபோது மோசமான நிலை. பழைய இரும்பு விலைக்காக யாரோ கழற்றியிருக்க வேண்டும். கணக்குப் புத்தகத்தின் ஒரு ரூபாயை நம்பியவன் அவன்!

அதைச் சரி செய்ய அனுப்பிய இடம், நம் சென்னை பெரம்பூர் லோகோ ஒர்க்ஸ். மெட்ராஸ் ரயில்வே 1856-ல் தொடங்கிய பணிமனை, அதாவது இந்த என்ஜின்களை விட ஒரே வயது இளையது. இழந்த பாகங்களைப் புதிதாகச் செய்து பொருத்தி அனுப்பினார்கள். 2012 டிசம்பரில் ஃபேரி குவீன் மறுபடி ஓடியது.

பெரம்பூருக்கு அது புதிய வேலை அல்ல. 2010-லேயே 21-ம் எண் எக்ஸ்பிரஸை அவர்கள் உயிர்ப்பித்திருந்தார்கள். இதன் பெருமையைப் புரிந்துகொள்ள ஒரு தேதி போதும். அகலப்பாதையில் நீராவி வண்டிகள் 1995-ல் முடிந்துவிட்டன. பதினைந்து வருடத்துக்குப் பின், நூறு வருடம் அசையாத ஒரு என்ஜினைப் பிரித்து மாட்டி ஓட வைத்திருக்கிறார்கள். இன்று கடையில் கேட்டால் கிடைக்கிற ஸ்பேர் பார்ட் அல்ல எதுவும். பார்த்து, அளந்து, வார்த்து, கடைந்து செய்ய வேண்டும். நீராவிக் காலத்துக் கைகள் அந்தப் பணிமனையில் மிச்சம் இருந்ததால் முடிந்தது. ராயபுரத்தின் முதல் என்ஜினைத் தொலைத்த நம் ஊர், வங்காளத்தின் என்ஜின்களுக்கு உயிர் கொடுத்தது.

அந்த 21-தான் 2019 பிப்ரவரியில் எங்கள் பக்கம் வந்தது. நான் வாத்துருத்தி ரயில்வே கேட் அருகே நின்று பார்த்தேன். கொச்சித் தமிழர்களுக்கு வாத்துருத்தி என்றால் தெரியும். தமிழ்நாட்டிலிருந்து கட்டட வேலைக்கும் மற்ற கூலி வேலைக்கும் வந்தவர்கள் பல பத்தாண்டுகளாக நெருக்கியடித்து வாழும் குடியிருப்பு. தண்டவாளம் அவர்கள் வாசல். விசில் சத்தம் கேட்டதும் துவைத்துக்கொண்டிருந்தவர்கள் ஈரக் கையோடு எழுந்து வந்தார்கள். வயதானவர்கள் 'கரி வண்டி, கரி வண்டி' என்று பேரப்பிள்ளைகளைத் தூக்கிக் காட்டினார்கள். பெரிய சக்கரம் மெதுவாக, மிக மெதுவாகச் சுழன்று போனது. அந்த என்ஜினை ஓட வைத்தது சென்னைப் பணிமனைக்காரர்கள் என்று பக்கத்தில் நின்றவரிடம் சொன்னேன். அவர் முகத்தில் வந்த சந்தோஷத்தை எந்தக் கணக்கில் எழுதுவது?

அசலா, நகலா?

அலுவலக நண்பர் ஒருவர் மடக்கினார். இவ்வளவு பாகத்தை மாற்றிவிட்டு இதை 1855 என்ஜின் என்று எப்படிச் சொல்வது?

திருவாரூர்க்காரர்களிடம் இந்தக் கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். ஆழித்தேர் 1926-ல் தீக்கிரையானது. புதிதாகக் கட்டினார்கள். பிறகு திருச்சி பெல் நிறுவனம் இரும்புச் சக்கரமும் ஹைட்ராலிக் பிரேக்கும் செய்து மாட்டியது. அதனால் அது ஆழித்தேர் இல்லை என்று எவராவது சொன்னால் திருவாரூரில் காபி கூடக் கிடைக்காது. மரம் மாறலாம். அளவும், ஓடும் வீதியும், வடம் பிடிக்கும் கையும் தொடர்ந்து வந்தால் அது அதே தேர்.

ஜெர்மனிக்காரர்கள் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். அவர்கள் நாட்டின் முதல் ரயிலை 1835-ல் நியூரம்பர்க்கில் இழுத்தது 'ஆட்லர்', இங்கிலாந்தில் ஸ்டீபன்சன் செய்த 2-2-2. அசல் என்ஜினைப் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே விற்றுவிட்டார்கள். நூற்றாண்டு விழாவுக்கு 1935-ல் அதே போல் ஒன்றைச் செய்தார்கள். 2005-ல் நியூரம்பர்க் ஷெட்டில் நடந்த தீ விபத்தில் அது எரிந்தது. விடவில்லை, 2007-க்குள் மறுபடி கட்டி ஓட்டினார்கள். அசல் இல்லாமலேயே ஆட்லர் உயிரோடு இருக்கிறது.

59 கிராம் என்ஜின்

ஆட்லரை மார்க்லின் போன்ற ஜெர்மன் பொம்மை ரயில் கம்பெனிகள் சிறு வடிவத்திலும் விற்றிருக்கின்றன. பிரிட்டனில் ஃபிராங்க் ஹார்ன்பியின் கம்பெனி 1920-ல் பொம்மை ரயில்களைத் தொடங்கியது. லயன் என்ஜினுக்கே 2020-களில் ஹார்ன்பியும் ராபிடோவும் போட்டி போட்டு மாடல் வெளியிட்டன. அதே லீட்ஸ் குடும்பத்தில் பிறந்த நம் 21-க்கும் 22-க்கும் ரெடிமேட் மாடல் எதுவும் என் கண்ணில் பட்டதில்லை. அப்படியானால் நாமே செய்ய வேண்டியதுதான்.

ஸ்கேல் மாடல் என்பதை நான் அந்நியச் செலாவணி போலப் புரிந்துகொள்கிறேன். ஒரே மாற்று விகிதம், எல்லாப் பாகத்துக்கும் அதே விகிதம், சலுகை கிடையாது. பிரிட்டனில் பிரபலமான டபுள்-ஓ அளவில் 1 அடிக்கு 4 மில்லிமீட்டர், அதாவது 76.2-ல் ஒரு பங்கு. நம் 6 அடிச் சக்கரம் 24 மி.மீ. ஆகும். பழைய கனமான ஐந்து ரூபாய் நாணயம் 23 மி.மீ. நாணயத்தைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், சக்கரம் கண்ணுக்குத் தெரிந்துவிடும்.

இங்கே ஒரு சிக்கல். கடையில் விற்கும் டபுள்-ஓ தண்டவாளத்தின் அகலம் 16.5 மி.மீ. நம் நாட்டு அகலப்பாதை 5 அடி 6 அங்குலம், அந்த விகிதத்தில் 22 மி.மீ. வர வேண்டும். 5.5 மி.மீ. இடிக்கிறது. உண்மையில் பிரிட்டிஷ் என்ஜின்களுக்கே அந்தத் தண்டவாளம் குறுகலானதுதான். அவர்கள் பாதைக்கு 18.83 மி.மீ. வர வேண்டும். அந்தக் காலத்து மோட்டார் சின்ன என்ஜினுக்குள் அடங்காததால், தண்டவாளத்தை அப்படியே விட்டுவிட்டு உடம்பை மட்டும் பெரிதாக்கிவிட்டார்கள். நம் என்ஜினை அதில் ஏற்றினால் இன்னும் மோசம், வாட்டசாட்டமான ஆளுக்குக் குச்சிக் கால் மாதிரி. நம் பாதை சரியாகத் தெரிய வேண்டுமென்றால் தண்டவாளத்தையும் சொந்தமாகப் போட வேண்டும்.

அடுத்தது எடை. நீளம் 76.2-ல் ஒரு பங்கு என்றால் எடையும் அப்படித்தான் குறையும் என்று தோன்றும். இல்லை. நீளம், அகலம், உயரம் மூன்றும் குறைவதால் 76.2-ஐ மூன்று முறை வகுக்க வேண்டும். 26 டன் என்ஜின் 59 கிராம் ஆகிவிடும். ஒரு கோழி முட்டை! அதிலும் நடுச் சக்கரத்தின் மேல் விழுவது ஒரு பங்குதான். 1850-களில் ஓட்டுநரைப் படுத்திய அதே வழுக்கல் மேஜை மேல் வரும். சிங்கிள் வகை மாடல்கள் நாலு பெட்டி மாட்டினாலே திணறும் என்பது மாடல் பிரியர்களுக்குத் தெரிந்த சங்கதி. மாடல் செய்பவர்கள் நடுச் சக்கரத்துக்கு மேலே ஈயத் துண்டை வைத்துச் சமாளிப்பார்கள். 1886-ன் மணலுக்கு மேஜை மேல் கிடைத்த பதில் அந்த ஈயம்.

நானும் என் பையனும் பெரிய அளவைத் தேர்ந்தெடுத்தோம்: 1 அடிக்கு 7 மி.மீ. மோட்டார் கிடையாது, அட்டை மாடல். பெருக்கல் வாய்ப்பாடு தெரிந்தால் போதும். சக்கரம் 42 மி.மீ. சிலிண்டர் விட்டம் சரியாக 7 மி.மீ., ஒரு பென்சில் பருமன். பிஸ்டன் ஓட்டம் 12.8 மி.மீ. தண்டவாள அகலம் 38.5 மி.மீ. திருமணப் பத்திரிகை அட்டை வெட்டுவதற்கு அருமையான சரக்கு, எல்லோர் வீட்டிலும் ஒரு கட்டு கிடக்கும். பாய்லருக்கு அட்டையை ஒரு குழாயின் மேல் சுற்றி ஒட்டினோம்.

பையன் இங்கே பள்ளியில் மலையாளம் பேசுகிறான், ஆங்கிலத்தில் படிக்கிறான். தமிழ் எங்கள் வீட்டு வாசலோடு நின்றுவிடுமோ என்ற கவலை, வெளியூரில் பிள்ளை வளர்க்கும் உங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 'தமிழ் படி' என்று சொல்லி நடக்காதது, இந்த மேஜையில் நடந்தது. கொதிகலன், உருளை, உந்துதண்டு, அச்சு, ஆரக்கால், பட்டை என்று ஒவ்வொரு துண்டுக்கும் பெயர் தேவைப்பட்டது. துண்டு கையில் இருக்கும்போது சொன்ன சொல் மறப்பதில்லை. உந்துதண்டை ஏன் சக்கரத்தின் மையத்தில் மாட்டாமல் தள்ளி மாட்ட வேண்டும் என்று அவன் கேட்டு, நான் விளக்கத் திணறி, கடைசியில் ஊர்க் கிணற்றங்கரைச் சகடையையும் பாட்டியின் தையல் மிஷின் மிதியையும் இழுத்து வந்து சொன்னேன். தையல் மிஷினில் புரிந்தது.

கைகள் இருக்கும்வரை

இந்தக் கதையில் எனக்குப் பெரிதாகப் படுவது இதுதான். ஒரு பழைய என்ஜினின் ஆயுள் இரும்பில் இல்லை. அதைப் பிரித்து மாட்டத் தெரிந்த கைகளில் இருக்கிறது. அந்தக் கைகள் ஓய்வு பெறும்போது அடுத்த ஜோடிக் கைகள் தயாராக இல்லாவிட்டால், எக்ஸ்பிரஸும் ஃபேரி குவீனும் மறுபடி பீடத்துக்குத்தான் போகும்.

நம் ஊரில் அந்தக் கைகள் முற்றிலும் போய்விடவில்லை என்பது ஆறுதல். திருச்சி பொன்மலைப் பணிமனையில் ஊட்டி மலை ரயிலுக்கு நீராவி என்ஜின்களைப் புதிதாகவே செய்கிறார்கள். எண்ணெயில் ஓடும் எக்ஸ் வகுப்பு என்ஜின்களைத் தொடர்ந்து, 2021-ல் நிலக்கரியில் ஓடும் ஒன்றையும் செய்து முடித்தார்கள். பழசைப் பாதுகாப்பதைத் தாண்டி, இருபத்தொன்றாம் நூற்றாண்டில் புது பாய்லருக்கு ரிவெட் அடிக்கவும் வெல்டு வைக்கவும் தெரிந்த ஆட்கள் நம் திருச்சியில் இருக்கிறார்கள் என்பதை வெளியூரில் இருக்கும் நாம் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டாமா?

விடுமுறைக்குச் சென்னை போனால் கடைக்கும் கல்யாணத்துக்கும் நடுவே அரை நாள் ஒதுக்குங்கள். பெரம்பூர் ஐ.சி.எஃப். பக்கத்தில் 2002-ல் தொடங்கிய வட்டார ரயில் அருங்காட்சியகம் இருக்கிறது. பிள்ளைகளை ஏதாவது ஒரு பெரிய சக்கரத்துக்குப் பக்கத்தில் நிற்க வைத்து, டேப் வைத்து அளக்கச் சொல்லுங்கள். அந்த அளவை ஒரு தாளில் எழுதிக்கொண்டு வாருங்கள். 7 மி.மீ. கணக்கில் பெருக்கினால் வீட்டில் அதே சக்கரம் தயார்.

உங்கள் அப்பாவோ தாத்தாவோ பெரம்பூரிலோ பொன்மலையிலோ வேலை பார்த்தவராக இருந்தால், தயவுசெய்து அவரோடு உட்கார்ந்து கேட்டு எழுதி வையுங்கள். எந்த ஸ்பேனர், எந்த அளவு, எப்படித் தட்டினால் பாய்லர் நல்ல சத்தம் கொடுக்கும் என்பதெல்லாம் ஓய்வூதியப் புத்தகத்தில் இருக்காது.